மாட்டைக் கடித்தது விரியனா? 20 நிமிடத்தில் துப்பு கொடுக்கும் கண்ணாடிக் குழாய்... குதிரைக்கு மட்டும் கணக்கு வேற, ஏன்?

சாயங்காலம் மேய்ச்சலில் இருந்து திரும்பிய மாடு முன்னங்காலை ஊன்ற மாட்டேங்குது. முழங்காலுக்குக் கீழே வீக்கம். அதிலிருந்து ரத்தம் கசியுது, நிற்கவே இல்லை. பாம்பை யாரும் பார்க்கவில்லை. உசிலம்பட்டி, செல்லம்பட்டி, சேடப்பட்டி பக்கம் மாடு, ஆடு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் காட்சி புதுசு இல்லை. வைக்கோல் படப்பு இருக்கும் இடத்தில் எலி இருக்கும். எலி இருக்கும் இடத்துக்கு கண்ணாடி விரியன் வரும்.

மாட்டு டாக்டர் வந்ததும் அவர் முன்னால் நிற்கும் கேள்வி ஒன்றுதான். விஷமுறிவு மருந்து போடணுமா, வேண்டாமா?

இது லேசான கேள்வி இல்லை. ஒரு குப்பி மருந்தே சில நூறு ரூபாய். மனிதர்களுக்கான இந்திய சிகிச்சை நெறிமுறையில் ஆரம்ப டோஸே 8 முதல் 10 குப்பி. மாட்டுக்கும் அதே மருந்துதான். இதில் மாட்டின் எடை கணக்கு இல்லை, பாம்பு இறக்கிய விஷம்தான் கணக்கு. ஒரு மில்லி மருந்து 0.6 மில்லிகிராம் கண்ணாடி விரியன் விஷத்தை முறிக்கும். அப்படியானால் 10 மில்லி குப்பி ஒன்று 6 மில்லிகிராம் விஷத்துக்குத்தான் சரியாகும். கறவை மாடு ஒன்றை நம்பி இருக்கும் வீட்டில், தேவையில்லாமல் போட்டாலும் நஷ்டம். போடாமல் விட்டால் மாடே போய்விடும்.

லேப் மதுரையில் இருக்கிறது. மாடு தோட்டத்தில் கிடக்கிறது. இந்த இடைவெளியை நிரப்புவதுதான் கையோடு எடுத்துச் செல்லும் ரத்த உறைவு சோதனை.

ரத்தம் ஏன் உறையாமல் போகுது?

கண்ணாடி விரியன் விஷம் ரத்தத்தை நீர்க்க வைப்பதாகப் பலரும் நினைக்கிறோம். உண்மையில் முதலில் நடப்பது நேர் எதிர். விஷம் உடம்பு முழுக்க ரத்தத்தை உறைய வைக்கும் வேலையை ஒரே நேரத்தில் தூண்டிவிடுகிறது. உறைவதற்குத் தேவையான ஃபைப்ரினோஜென் என்ற புரதம் அதிலேயே தீர்ந்துவிடும். முதல் பந்தியிலேயே மொத்த சோறும் காலி ஆன கல்யாண வீடு மாதிரி! அதற்குப் பிறகு உடம்பில் எங்கே கசிவு ஏற்பட்டாலும் அடைக்க ஆள் இல்லை. ஈறில் ரத்தம், சிறுநீர் சிவப்பு, ஊசி குத்திய இடத்தில்கூட ரத்தம் நிற்காது. அதனால்தான் இந்த மாதிரி நேரத்தில் டாக்டர்கள் தசையில் ஊசி போடுவதைத் தவிர்க்கிறார்கள். போட்ட இடத்தில் உள்ளேயே ரத்தம் கட்டிக்கொள்ளும்.

சோதனை எப்படி?

நம்ப முடியாத அளவுக்கு சுலபம். சுத்தமான, காய்ந்த, சின்னக் கண்ணாடிக் குழாயில் நரம்பிலிருந்து எடுத்த 2 மில்லி புது ரத்தம். 20 நிமிடம் ஆட்டாமல் அசைக்காமல் வைக்கணும். பிறகு ஒரே ஒரு தடவை சாய்த்துப் பார்க்கணும். கட்டியாக நின்றால் உறைந்துவிட்டது. தண்ணீர் மாதிரி ஓடினால் உறையவில்லை, விரியன் விஷம் வேலை செய்கிறது என்று அர்த்தம். மனிதர்களுக்கு உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கும் முறை இது. கரண்ட் வேண்டாம், மெஷின் வேண்டாம்.

ஆனால் கண்ணாடி என்றால் கண்ணாடிதான். ரத்தம் உறையத் தொடங்க கண்ணாடிச் சுவரின் தொடுகைதான் தூண்டுதல். சாதாரண பிளாஸ்டிக்கில் அது சரியாக நடக்காது. ஊதா மூடி போட்ட குழாயில் உறையவிடாத மருந்து இருக்கும், அதுவும் கூடாது. சோப்புத் தூள் போட்டுக் கழுவிய குழாய் இன்னும் மோசம். ஒட்டியிருக்கும் சோப்பே ரத்தத்தை உறையவிடாது, நல்ல மாட்டுக்கும் விஷம் ஏறியதாகக் காட்டும்.

செய்பவர் கையும் முக்கியம். இலங்கையில் பாம்பு கடித்து வந்தவர்களிடம் இதே சோதனையை ஆராய்ந்தார்கள். 2013-ல் வெளியான ஆய்வில், உறைவுக் கோளாறு இருந்தவர்களில் 40 சதவீதம் பேரை மட்டுமே அது கண்டுபிடித்தது. பயிற்சி பெற்றவர்கள் முறைப்படி செய்தபோது, 2017-ல் வெளியான இன்னொரு ஆய்வில் அது 82 சதவீதம். நிமிடக் கணக்கு அதேதான்!

இன்னொரு எச்சரிக்கை. நல்ல பாம்பும் கட்டு விரியனும் நரம்பைத் தாக்கும் வகை. அவை கடித்திருந்தால் ரத்தம் ஜோராக உறையும், ஆனால் மாடு மூச்சு விட முடியாமல் சாகும். அதனால் 'ரத்தம் உறைஞ்சிருச்சு, பயமில்லை' என்று யாராவது சொன்னால் அதை அப்படியே நம்பிவிடக் கூடாது.

குதிரைக்கு ஏன் தனிக் கணக்கு?

உசிலம்பட்டி பக்கம் குதிரை என்றால் முதலில் நினைவுக்கு வருவது அய்யனார் கோயில் மண் குதிரைதான். ஆனால் மலை ஏறினால் கொடைக்கானல் ஏரிக்கரையில் சவாரிக்கு நிற்கும் மட்டக் குதிரைகள் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கும் டாக்டருக்கு இந்தச் சோதனை கொஞ்சம் தந்திரம் காட்டும்.

குதிரை ரத்தம் நாய் ரத்தத்தைவிட மெதுவாக உறையும். அதோடு குதிரையின் சிவப்பணுக்கள் காசு அடுக்கியதுபோல் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு கடகடவென அடியில் இறங்கிவிடும். குழாயைப் பார்த்தால் கீழே சிவப்பு, மேலே மஞ்சள் திரவம். பழக்கமில்லாதவர் உறையவில்லை என்று முடிவு கட்டிவிடுவார். அந்த மஞ்சள் பகுதி ஜெல்லி மாதிரி நிற்கிறதா என்றும் சாய்த்துப் பார்க்கணும். இதற்கு நல்ல வழி, பக்கத்தில் நிற்கும் ஆரோக்கியமான குதிரையின் ரத்தத்தையும் இன்னொரு குழாயில் எடுத்து ஒப்பிடுவது. மாட்டுக்கும் இது பொருந்தும்.

குதிரைக்கு பாம்புக்கடி மட்டும்தான் காரணம் என்றும் இல்லை. குடல் முறுக்கிக் கடும் வயிற்றுவலி வந்தால் குடல் கிருமிகளின் நச்சு ரத்தத்தில் கலந்து இதே உறைவுக் கோளாறை உண்டாக்கும்.

மெஷின் இருக்கே, அது?

இருக்கிறது. வெட்ஸ்கேன் விஎஸ்ப்ரோ என்ற சின்னக் கருவி குதிரையின் ஃபைப்ரினோஜெனையே அளக்கும். விசிஎம் வெட் என்ற இன்னொன்று, எதுவும் கலக்காத புது ரத்தம் எப்படிக் கட்டியாகிறது என்பதை வரைபடமாகக் காட்டும். இதற்குள்ளும் அதே கண்ணாடித் தத்துவம்தான்! கையடக்க ஐ-ஸ்டாட் கருவியிலும் உறைவு நேரம் பார்க்கலாம். ஆனால் அது வேலை செய்ய 16 முதல் 30 டிகிரி வெப்பம்தான் சரி, அதன் கார்ட்ரிட்ஜை ஃபிரிட்ஜில் வைக்கணும். கத்திரி வெயிலில் கரட்டோரம் நிற்கும் டாக்டருக்கு இது நடக்கிற காரியமா?

நடுவில் ஒரு வழி உண்டு. உறைவைத் தூண்டும் பொடி போட்ட குழாய். நாய் ரத்தம் இதில் இரண்டு நிமிடத்துக்குள் உறையணும், குதிரைக்கு இன்னும் கொஞ்சம் நேரம் ஆகும். குழாயை உடல் சூட்டில் வைக்கணும். ஹீட்டர் இல்லாத இடத்தில் டாக்டர்கள் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வதும் உண்டு. எலி மருந்து தின்ற நாய்க்கும் இது உதவும்.

மருந்தும் குதிரை கொடுத்ததே

விஷமுறிவு மருந்து எங்கிருந்து வருகிறது? 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம், சென்னையை அடுத்த வடநெம்மேலியில் பாம்பின் விஷத்தை எடுக்கிறது. அந்த விஷத்தை மிகக் குறைந்த அளவில் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தால் மருந்து. சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் ஒரு காலத்தில் இது தயாரானது. குதிரைப் புரதம் என்பதால் மாட்டுக்கு ஒவ்வாமை வரலாம். அட்ரினலின் ஊசியைத் தயாராக வைத்துக்கொண்டுதான் ஏற்றுவார்கள்.

மருந்து ஏற்றி 6 மணி நேரம் கழித்து மறுபடி குழாய் சோதனை. தீர்ந்துபோன உறைவுப் பொருளை கல்லீரல் திரும்ப உருவாக்க ஏறக்குறைய அவ்வளவு நேரம் வேணும். அப்போதும் உறையவில்லை என்றால் இன்னும் மருந்து.

டாக்டர் வரும் வரை கடிவாயைக் கீறுவது, இறுக்கிக் கட்டுவது, பச்சிலை அரைத்துத் தேய்ப்பது எதுவும் வேண்டாம். மாட்டை நடக்க வைக்காமல் நிழலில் கட்டுங்கள். வீக்கத்தைப் பார்த்த நேரத்தைக் குறித்து வையுங்கள், செல்போனில் ஒரு போட்டோவும் எடுங்கள். கால்நடைகளுக்கான இலவச உதவி எண்: 1962.