கம்பியும் காற்றும்: மிக் வெல்டிங் வளர்ந்த கதை



மலர்க் குழுவினர் "ஒரு கட்டுரை கொடுங்க சார்" என்று கேட்டபோது, ஹாஸ்டல் குறும்புகளை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அதையெல்லாம் என் செட் நண்பர்கள் என்னைவிட நன்றாகவே எழுதுவார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் எனக்குச் சோறு போட்ட மிக் வெல்டிங் பற்றி எழுதுகிறேன். நம் பக்கத்துப் பட்டறைகளில் இதற்கு 'சி.ஓ.டூ வெல்டிங்' என்றுதான் பெயர். ஒரு தவறிலிருந்து ஆரம்பிக்கிறேன். தவறு என்னுடையது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், இன்ஸ்பெக்ஷனில் டிரெய்னி. 16 மி.மீ. தகட்டில் பிராக்கெட்டுகள். பீட் ஒரே சீராக ஓடியிருந்தது, சுற்றிலும் ஸ்பேட்டர் இல்லை. சாக்பீஸால் 'ஓ.கே.' போட்டுவிட்டேன். பக்கத்தில் நின்ற மூத்த வெல்டர், "தம்பி, ஒண்ணை ஒடைச்சுப் பாத்துட்டு எழுதலாமா?" என்றார். வைஸில் மாட்டிச் சம்மட்டியால் நாலு அடி. ஈரம் பட்ட தபால் தலை மாதிரி பீட் முழுசாகக் கழன்று வந்தது. அடியில் தகடு உருகவே இல்லை.

"பாக்க அழகா இருந்துச்சே அண்ணே!"

"அழகு மேலாலதான். கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டியா? அது தகர வேலைக்கு. இந்தத் தடிமனுக்கு ஆகாது."

ஸ்பேட்டரைச் சிப்பிங் பண்ணும் வேலை மிச்சமாகட்டும் என்று யாரோ வோல்டேஜையும் ஒயர் வேகத்தையும் குறைத்து வைத்திருந்தார்கள். அந்த லாட் முழுவதையும் அறுத்து மறுபடி பற்றவைத்தோம். சத்தத்தில் என்ன இருக்கிறது என்று அன்று தேட ஆரம்பித்தவன்தான்.

உருகிய இரும்பைக் காற்று பட விடக்கூடாது. பட்டால் துளை விழும், பலம் போகும். அதற்காகவே ஸ்வீடனின் ஆஸ்கர் செல்பெர்க் பூச்சு எலக்ட்ரோடு கொண்டுவந்து, 1904-ல் ஈசாப் கம்பெனியையும் தொடங்கினார். பூச்சுக்குப் பதில் வாயுவையே போர்வையாகப் போர்த்தலாம் என்று 1920-களில் அமெரிக்காவில் ஹோபார்ட்டும் டெவர்ஸும் ஹீலியம், ஆர்கானை வைத்துச் சோதித்தார்கள். ஆர்கான் 1894-ல் ராலேயும் ராம்சேயும் கண்டுபிடித்த வாயு. எதனோடும் சேராததால் கிரேக்க மொழியில் 'சோம்பேறி' என்று பெயர் வைத்தார்கள். காற்றில் அது 0.93 சதவீதம்தான், பிரித்தெடுக்கச் செலவு அதிகம்.

1948-ல் ஒஹையோவின் கொலம்பஸ் நகரிலுள்ள பட்டெல் ஆய்வு நிலையம், ஏர் ரிடக்ஷன் கம்பெனியின் ஆதரவில், இன்றைய மிக் முறையை உருவாக்கியது. மெல்லிய ஒயர் ஒரே வேகத்தில் வரும். மிஷின் வோல்டேஜை மாறாமல் வைத்திருக்கும். கை சற்று உயர்ந்தால் ஆர்க் நீளும், கரண்ட் குறையும், ஒயர் மெதுவாக உருகும், ஆர்க் பழைய நீளத்துக்குத் தானே வந்துவிடும். முதலில் அலுமினியத்துக்குத்தான் பயன்பட்டது.

ஆர்கானில் கரண்டை ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் காட்சி மாறும். ஒயரைவிடப் பெரிய உருண்டையாகத் தொங்கி விழுந்த உலோகம், சின்னச் சின்னத் துளிகளாகப் பாய ஆரம்பிக்கும். கரண்ட் உண்டாக்கும் காந்த விசை ஒயர் முனையை இறுக்கிக் கிள்ளுவதே காரணம். இதுதான் ஸ்பிரே. 1.2 மி.மீ. ஒயரில் அலுமினியத்துக்கு ஏறக்குறைய 135 ஆம்பியரிலும், இரும்புக்கு 220 ஆம்பியரிலும் இது நடக்கும். சத்தம் 'உஸ்' என்று ஒரே சீராக வரும்.

ஆனால் சுத்த ஆர்கானில் இரும்பைப் பற்றவைத்தால் ஆர்க் அலையும், பீட் ஓரத்தில் பள்ளம் விழும். ஒன்றிரண்டு சதவீதம் ஆக்சிஜன் கலந்ததும் அடங்கியது. காற்றைத் தடுக்க வாயு வாங்கி, அதில் ஆக்சிஜனையே கலந்தார்கள் பாருங்கள்!

விலைக்கு வழி 1953-ல் சோவியத் நாட்டிலிருந்து வந்தது. லியுபாவ்ஸ்கி, நோவோஷிலோவ் இருவரும் மலிவான கார்பன் டை ஆக்சைடிலேயே வெல்டிங் செய்து காட்டினார்கள். ஆர்க் சூட்டில் அது உடைந்து ஆக்சிஜனை விடும். அதைப் பிடித்துக்கொள்ள ஒயரில் மாங்கனீஸும் சிலிகானும் சேர்க்கிறோம். ஊடுருவல் ஆழம். ஆனால் இந்த வாயுவில் ஆர்க் துளியின் அடியிலேயே குவிந்து அதை மேலே தள்ளும். துளி பெருத்து, ஆடி, தாறுமாறாக விழும். ஸ்பேட்டர் பிறப்பது இப்படித்தான். கரண்ட் எவ்வளவு ஏற்றினாலும் உண்மையான ஸ்பிரே வராது.

1950-களின் கடைசியில் ஷார்ட் ஆர்க் வந்தது. மெல்லிய ஒயர், குறைந்த வோல்டேஜ். ஒயர் உருகுகுழம்பைத் தொட்டுத் தொட்டுத் துளியை விடும், வினாடிக்கு 20 முதல் 200 தடவை. கடுகு வெடிக்கிற சத்தம் அதுதான். சூடு குறைவு என்பதால் மெல்லிய தகடு ஓட்டையாகாது, தலைக்கு மேலேயும் பற்றவைக்கலாம். அதே காரணத்தால் தடித்த தகடு உருகாது. பீட் மேலே உட்கார்ந்திருக்கும். என் பிராக்கெட்டில் நடந்தது இதுவே.

ஸ்பிரேயின் சுத்தமும் வேண்டும், சூடும் குறைய வேண்டும் என்று 1960-களில் இங்கிலாந்து ஆய்வாளர்கள் பல்ஸ் முறையைக் கொண்டுவந்தார்கள். கரண்டை ஏற்றி இறக்கி, ஒரு துடிப்புக்கு ஒரு துளி. இன்வெர்ட்டர் மிஷின்கள் வந்த பிறகே அது பட்டறை வரை இறங்கியது. நம் பக்கத்தில் திருச்சி பெல் வளாகத்தில் 1975-ல் அமைந்த வெல்டிங் ஆய்வு நிலையம் இத்துறையில் பலருக்குப் பயிற்சி தந்திருக்கிறது.

இன்று நிறையத் தொழிற்சாலைகளில் ஆர்கானோடு 18 அல்லது 20 சதவீதம் சி.ஓ.டூ கலந்த சிலிண்டர்தான். அதில் ஷார்ட் ஆர்க்கும் வரும், கரண்ட் ஏற்றினால் ஸ்பிரேயும் வரும். ஆகவே சிலிண்டரை மாற்றினால் மட்டும் போதாது. செட்டிங்கும் மாற வேண்டும். கலவை கேஸ் போட்டும் தடித்த தகட்டில் தாளித்துக்கொண்டிருந்த இடங்களை நானே பார்த்திருக்கிறேன்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஒர்க்ஷாப் வகுப்பில் தடித்த தகட்டில் ஒரு பீட் ஷார்ட் ஆர்க்கிலும், ஒன்று ஸ்பிரேயிலும் போடுங்கள். குறுக்கே அறுத்து, பாலிஷ் செய்து, ஆசிரியரை வைத்துக்கொண்டு ஆசிடில் எட்ச் பண்ணிப் பாருங்கள். எது தகட்டுக்குள் போயிருக்கிறது என்று கண்ணாலேயே தெரியும். நான் அதை வேலைக்குப் போன பிறகு, ஒரு லாட்டை அறுத்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.