கழுகின் அலகுக்குப் பின்னால்

1945. ஐரோப்பாவில் போர் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. மாஸ்கோவில் அமெரிக்கத் தூதர் அவெரல் ஹாரிமனுக்கு ஒரே கவலை: ஸ்டாலின் அடுத்து என்ன செய்வார்? போலந்தை விடுவாரா, விழுங்குவாரா? ‘பிடித்த நாடுகளைக் கட்டி ஆள்வது ரஷ்யாவுக்கே பெரும்பாடாக இருக்கும்’ என்று மே மாதம் விரிவாக எழுதினார் அவருடைய துணை அதிகாரி ஜார்ஜ் கென்னன். இவர்கள் ஸ்டாலின் மனதைக் கணித்துக்கொண்டிருந்தபோது, ஸ்டாலினின் ஆட்களும் சும்மா இருக்கவில்லை.

தூதர் பேசுவதை ஒட்டுக்கேட்க மைக் வைத்தால் ஒயரும் பேட்டரியும் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டும் இல்லாத ஒரு காது வேண்டும். அந்த வேலை லெவ் தெரமினிடம் போனது. தொடாமலே வாசிக்கும் இசைக்கருவியைக் கண்டுபிடித்து அமெரிக்காவில் கொடிகட்டிப் பறந்தவர் அவர். 1938இல் நாடு திரும்பியவரைப் பிடித்து கோலிமா முகாமுக்கு அனுப்பினார்கள். பிறகு சிறை ஆய்வுக்கூடத்தில் அடைத்தார்கள். அவர் செய்து முடித்துவிட்டார். ஆனால் தூதர் வீட்டுக்குள் அதை யார் கொண்டுபோவது?

குழந்தைகள்! ஆகஸ்ட் 4 அன்று சோவியத் சிறுவர்கள் ஹாரிமனுக்கு ஒரு பரிசு தந்தார்கள்: கழுகு பொறித்த அமெரிக்க அரசு முத்திரை, அழகான மரச் செதுக்கல். நட்பின் அடையாளமாயிற்றே! தூதரின் படிப்பறைச் சுவரில் ஏறியது. ஏழு ஆண்டுகள், நான்கு தூதர்கள். சோதனைகள் எதிலும் அது சிக்கவில்லை.

1951இல் மாஸ்கோவில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்த பிரிட்டிஷ் ஊழியர் ஒருவர் காதில் தற்செயலாக அமெரிக்கர்களின் பேச்சு விழுந்தது. மறு ஆண்டு அமெரிக்கர்கள் வலை விரித்தார்கள். அப்போது தூதராகியிருந்த கென்னன், பழைய அரசுக் கடிதம் ஒன்றைச் செயலாளருக்குச் சொல்லி எழுதவைப்பதுபோல் உரக்கப் படித்துக்கொண்டே இருந்தார். தொழில்நுட்பர்கள் அறையைச் சல்லடை போட்டார்கள். சுவர் உடைந்தது, ஒன்றுமில்லை. கடைசியில் முத்திரையையே பிளந்தார்கள்.

உள்ளே ஒரு சின்ன உலோகக் குடுவை, அதன் வாயில் மிக மெல்லிய சவ்வு, கூடவே ஒரு சாண் நீளக் கம்பி. அவ்வளவுதான். வெளியிலிருந்து ரேடியோ அலை பாய்ச்சினால் மட்டும் அது உயிர்பெறும். பேச்சில் சவ்வு அதிர, அந்த அதிர்வைச் சுமந்து அலை திரும்பும். அலை நின்றால் வெறும் உலோகம். 1960இல் ஐ.நா. பாதுகாப்பு சபையில் அமெரிக்கா இதை எடுத்துக் காட்டியபோது உலகமே வாய்பிளந்தது. ஆனால் தெரமினின் யோசனை ஒற்று வேலையோடு நிற்கவில்லை.

வந்த அலையையே பதிலாகத் திருப்பும் அந்த வித்தையை மற்ற விஞ்ஞானிகளும் வளர்த்தார்கள். குரலின் இடத்தில் ஒரு எண் வந்து உட்கார்ந்தது. 2021 பிப்ரவரியில் இந்திய நெடுஞ்சாலை டோல்கேட்டுகளில் அப்படி எண் சொல்லும் ஃபாஸ்டேக் ஸ்டிக்கர் கட்டாயமானது.

ஏழாயிரம்பண்ணையில் பட்டாசுப் பெட்டி ஏற்றிய லாரி சாத்தூர் வழியாக வடக்கே போகிறது. எட்டூர்வட்டம் டோல்கேட்டில் மேலிருந்து ரேடியோ அலை இறங்குகிறது, முன்கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக் தன் எண்ணைத் திருப்பிச் சொல்கிறது, தடுப்பு எழுகிறது. அந்த ஸ்டிக்கரிலும் பேட்டரி கிடையாது. அதன் மூதாதை, ஒரு சிறைக்கைதி செய்த அந்தக் காதுதான்.