தாம்பரம் 1938: கிருபையின் நினைவும் மனந்திரும்பியோரின் சாட்சியும்

1938 டிசம்பரில் தாம்பரத்தில் கூடிய சர்வதேச மிஷனரி மன்ற மாநாடு, சீனாவில் நடந்திருக்க வேண்டியது. அங்கே போர் மூண்டதால் இடம் மாறிற்று. ஜார்ஜ் டவுனிலிருந்து முந்தைய ஆண்டுதான் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்திருந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் 12 முதல் 29 வரை உலகெங்குமிருந்து வந்த பிரதிநிதிகள் விவாதித்தனர். கிருபையால் இரட்சிக்கப்பட்டவரின் பழைய பக்தி வாழ்வு என்னவாகிறது என்பது அவ்விவாதத்தின் மையக் கேள்விகளில் ஒன்று.

டச்சு அறிஞர் ஹென்ட்ரிக் கிரேமர் மாநாட்டுக்காகவே ஒரு நூல் எழுதியிருந்தார். இரட்சிப்பு முழுவதும் கடவுளின் செயல். மனிதரின் சமயத் தேடல் தானாக வளர்ந்து கிறிஸ்துவிடம் வந்து சேர்வதில்லை என்பது அவர் கட்சி. பி. செஞ்சையா, வி. சக்கரை உள்ளிட்ட சென்னைச் சிந்தனையாளர்கள் அதே ஆண்டு வெளியிட்ட கட்டுரைத் தொகுப்பில் இதை எதிர்த்தனர்.

இவ்விருவருக்கும் அது ஏட்டுப் பிரச்சினை அன்று. செஞ்சையா சிறுவயதில் தம் குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெற்றவர். சக்கரை 1903இல் பெற்றார். இருவரும் சென்னைக் கிறித்தவக் கல்லூரி மாணவர்கள். இந்து சமயமே தம்மை வளர்த்து, கிறிஸ்துவின் மேன்மையை உணரும் கண்ணைத் தந்தது என்று மனந்திரும்பியவர் நன்றியோடு நினைக்க முடியும் என்றார் செஞ்சையா.

அவர்களுக்கு எண்பது ஆண்டுகள் முன்பே இதற்குச் சான்று இருந்தது. நெல்லைச் சீமையின் வைணவ வேளாளர் குடும்பத்தில் 1827இல் பிறந்த கிருஷ்ணபிள்ளை, 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்று ஹென்றி ஆல்பிரட் ஆனார். வழிபாடு மாறியது, பெயர் மாறியது. ஆனால் ஆங்கில எழுத்தாளர் ஜான் பனியனின் கதையைத் தழுவி 1894இல் அவர் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகம் கம்பனின் காப்பிய மரபில் நடக்கிறது. தாய்ப்பூனை குட்டியைக் கவ்விச் செல்வதுபோல இறைவனே உயிரை மீட்கிறான் என்பது தென்கலை வைணவத்தின் கொள்கை. அந்த மரபு வேரூன்றிய மண்ணில் பிறந்தவருக்குத் தகுதி பாராத அருள் என்பது அறவே அந்நியமான எண்ணமாக இருந்திராது. சிலுவையில் மரித்த இயேசுவே அந்த அருளைக் கொணர்ந்தார் என்பதுதான் அவர் கண்ட புதுமை.

கிரேமரை இங்கே பாதி ஏற்கலாம். இரட்சிப்பவர் கடவுளே என்பதில் கிருஷ்ணபிள்ளை அவரோடு நிற்கிறார். ஆனால் கிருபை ஒருவரின் மொழியையும் பக்திப் பழக்கத்தையும் துடைத்தெறிந்துவிட்டு வருவதில்லை. அவற்றையே கைக்கொண்டு தன்னை நினைவுகூரச் செய்கிறது.

இச்சான்றுக்கும் எல்லை உண்டு. இவர்கள் கற்றோர், தனித்தனியே முடிவெடுத்தோர். அதே நெல்லையில் 1799இல் உருவான முதலூர், புதிய விசுவாசத்துக்காக ஒடுக்கப்பட்ட மக்கள் அடைக்கலம் தேடிக் குடியேறிய ஊர். அங்கே கிருபையின் நினைவில் அஞ்சாமல் வாழ ஒரு மனையும் கூடித் தொழ ஒரு கோயிலும் சேர்ந்தே இருக்கின்றன. கிரேமரும் செஞ்சையாவும் வாதிட்டபோது, ஊராகச் சேர்ந்தோரின் இந்த அனுபவம் ஓரத்திலேயே நின்றுவிட்டது. தாம்பரம் விவாதத்தைக் கற்பிக்கும் இறையியல் வகுப்புகள் மாநாட்டு நூல்களோடு இரட்சணிய யாத்திரிகத்தையும் முதலூர் வரலாற்றையும் மூலச் சான்றுகளாக வைத்துப் படிக்க வேண்டும்.