மருத்துவ இரகசியமும் தானே வாசிக்கும் உரிமையும்

வைத்தியம் செய்பவர் தம்மிடம் வந்தவரின் நோயைப் பிறரறியச் சொல்லலாகாது என்பது நெடுங்காலமாக ஒப்புக்கொள்ளப்பட்ட தர்மம். மனநலப் பராமரிப்பைப் பற்றியும் எச்.ஐ.வி. தொற்றைப் பற்றியும் 2017ஆம் ஆண்டில் இந்தியாவில் இயற்றப்பட்ட இரு சட்டங்கள் அதைச் சட்டக் கடமையாகவே ஆக்கியிருக்கின்றன. ஆயினும், பார்வையற்ற ஒருவருக்கு அவருடைய பரிசோதனை முடிவைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, அதை வாசித்துச் சொல்ல அவர் அண்டை வீட்டாரை நாடும்படி விட்டுவிடும் தர்ம ஸ்தாபனம், இரகசியத்தைத் தன் வாயால் வெளியிடாவிடினும், அது வெளியாவதற்கு வழி வகுத்துவிட்டது என்றே கொள்ள வேண்டும். மாற்றுத்திறனாளிகள் தாமே வாசிக்கத்தக்கதாகச் செய்திகளை அமைப்பது உபகாரம் என்ற அபிப்பிராயம் நம் ஆரோக்கிய சேவை அமைப்புகளில் வேரூன்றியிருக்கிறது. ஆனால் அவ்வாறு அமைப்பது மருத்துவ இரகசியத்தைக் காக்கும் கடமையின் ஓர் அங்கம் என்பதே என் வாதம்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954இல் அடையாறு புற்றுநோய் நிலையம் தோன்றிய காலத்திலும், டாக்டர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கிய காலத்திலும், நோயாளிகளோடு நேருக்கு நேர் பேசியே பெரும்பாலான காரியங்கள் நடந்தன. முன்பதிவும், மருந்து பற்றிய நினைவூட்டலும், உதவித்தொகைக்கான விண்ணப்பமும் கைப்பேசித் திரைக்குச் சென்றுவிட்ட இந்நாளில், திரையிலுள்ள தடை சிகிச்சைக்கே தடையாகிறது.

அத்தடைகள் எத்தன்மையவை என்பதை, தர்ம ஸ்தாபனத்தினுடையதன்றி அரசாங்கத்தின் ஏற்பாடேயாயினும், கோவின் தளம் தெளிவாகக் காட்டியது. கொரோனா தடுப்பூசிக்கு அதன் வழியே முன்பதிவு நடந்தபோது, பார்வையற்றோர் காலியிடங்களின் எண்ணிக்கையை அறிய முடிந்தும் அவை எந்த நாளுக்குரியவை என்று அறிய முடியவில்லை என்றும், கேப்சாவுக்கு ஒலி வடிவம் இல்லையென்றும், விசைப்பலகையை மட்டும் கொண்டு தளத்தில் நகர வசதியில்லையென்றும் உச்ச நீதிமன்றம் 2021 மே 31ஆம் நாளைய உத்தரவில் எடுத்துக்காட்டியது. இவற்றுள் முதற்குறை, அட்டவணையின் தலைப்புகளை அவற்றிற்குரிய கட்டங்களோடு இணைத்திருந்தாலே தீர்ந்திருக்கக்கூடியது. அத்தனை சிறிய கவனக்குறைவினால் ஒருவர் தம் உயிர்காக்கும் ஊசிக்கு நாள் குறிக்கப் பிறரை நாடவும், தம் விவரங்களை அவர்களிடம் ஒப்படைக்கவும் நேர்ந்தது என்பதை நினைக்கும்போது மனம் பதறுகிறது.

தமிழில் மேலுமொரு தடை உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அச்சுக்கோத்து பி.டி.எஃப். ஆக்கப்பட்ட துண்டறிக்கை, கண்ணுக்குத் தமிழாகத் தோன்றினும் கணினிக்குள் ஆங்கில எழுத்துகளின் தொடராகவே இருப்பதால், என்.வி.டி.ஏ. என்னும் இலவசத் திரைவாசிப்பான் அதிலிருந்து அர்த்தமற்ற ஒலிகளையே எழுப்பும். தமிழக அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்ட பின்பும் அச்சகங்களின் பழைய பழக்கம் முற்றாக மாறவில்லை. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் செயலிகள் வந்துவிட்டனவே எனச் சிலர் ஆட்சேபிக்கலாம்; அவை பிரயோஜனமானவையே, ஆனால் கையெழுத்தும் அச்சும் கலந்த மருந்துச் சீட்டில் அவை செய்யும் பிழை மருந்தின் அளவிலேயே நேரக்கூடும் என்பதால், அவற்றை நம்பி ஸ்தாபனம் தன் பொறுப்பைக் கைவிடுதல் நியாயமாகாது.

இணையத்திற்குச் செலவிடும் பணம் நோயாளியின் மருந்துக்குரிய பணம் என்ற வாதத்தை, நன்கொடையை எதிர்பார்த்து நடக்கும் ஸ்தாபனங்களின் சிரமம் அறிந்தவர் எவரும் அலட்சியம் செய்யமாட்டார். எனினும், யூனிகோடில் எழுதுதல், தலைப்பைத் தலைப்பென்றே குறித்தல், படத்திற்கு எழுத்தால் விளக்கம் தருதல் ஆகியவை எழுதும்போதே செய்யப்பட்டால் ஏறக்குறையச் செலவற்றவை. தளம் முழுதும் கட்டி முடிந்தபின் திருத்தப் புகும்போதுதான் செலவு பெருகுகிறது. சட்டமும் இதை அவரவர் விருப்பத்திற்கு விடவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தனியார் சேவையாளரையும் அணுகல் விதிகளுக்குக் கட்டுப்படுத்துகிறது. அச்சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட 15ஆம் விதி, கட்டாயமாக வேண்டியதை வெறும் ஆலோசனையாகக் குறைத்தது என்ற காரணத்தால், 2024 நவம்பரில் ரஜீவ் ரதூரி வழக்கில் அதன் முதல் உட்பிரிவு செல்லாதென்று உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பாயிற்று. 2025 ஏப்ரல் 30ஆம் நாள் அந்நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மின்னணு வசதிகளை அணுகுவதை அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையோடு இணைத்தது.

என் வாதம் கடினமான சோதனையைச் சந்திப்பது காது கேளாதோர் விஷயத்தில்தான். சுகாதாரப் பிரசங்கத்தின் காணொளிக்கு எழுத்து வரிகளைச் சேர்த்துவிடலாம். ஆனால் காணொளி வழியே நடக்கும் மனநல ஆலோசனையில் சைகை மொழிபெயர்ப்பாளர் என்ற மூன்றாமவர் பெரும்பாலும் புக வேண்டியிருக்கிறது. சிறிய ஊர்களில் அவர் அக்குடும்பத்தை நன்கறிந்தவராகவும் இருக்கலாம். ஆதலால், தம் மொழிபெயர்ப்பாளரை நோயாளியே தேர்ந்துகொள்ளவும், வேண்டுமாயின் வெளியூரிலிருப்பவரைத் திரை வழியே அழைக்கவும் இடமிருக்க வேண்டும். செவிலியர் ஏற்கும் இரகசியக் காப்பு உறுதியை அவரும் எழுத்தில் ஏற்க வேண்டும். அவருடைய ஊதியம் மருந்துச் செலவைப் போலவே ஸ்தாபனத்தின் வரவுசெலவுத் திட்டத்தில் இடம்பெற வேண்டும்.