உள்ளூராட்சியும் குறைகேள் முறையும்: வட அயர்லாந்து தரும் வரலாற்றுப் பாடம்

அநுராதபுரத்தில் ஆட்சி செய்த எல்லாளன் தன் படுக்கையின் தலைப்பக்கத்தில் நீண்ட கயிற்றுடன் மணியொன்றைக் கட்டி, நீதி வேண்டுவோர் எவரும் அதனை அசைக்க இடமளித்தான் என மகாவம்சம் கூறும். மனுநீதி கண்ட சோழனின் ஆராய்ச்சி மணியும் இவ்வகையினதே. இக்கதைகளின் வரலாற்று உண்மை எத்தகையதாயினும், அவற்றுள் பொதிந்திருக்கும் கருத்து ஆழமானது. முறையிடுபவருக்கும் முறை செய்பவருக்கும் இடையே எவரும் குறுக்கே நிற்றலாகாது என்பதே அது. கன்றை இழந்த பசுவுக்கும் கயிறு எட்டியது.

நவீன அரசில் மணியும் இல்லை. மணியோசை கேட்டு எழும் மன்னனும் இல்லை. சாதாரண குடிமகன் நாள்தோறும் எதிர்கொள்ளும் அரசு உள்ளூராட்சி மன்றமேயாகும். வீடு, குடிநீர், வடிகால், தெரு விளக்கு, கட்டட அனுமதி, ஆதன வரி என்பன பாராளுமன்ற விவாதங்களோடு ஒப்பிடுகையில் சிறியனவாகத் தோன்றலாம். ஆயின் ஒரு குடும்பத்தின் வாழ்வு பெரிதும் இவற்றிலேயே தங்கியுள்ளது. இவற்றில் அநீதி நேரின் எவரிடம் முறையிடுவது? நீதிமன்றம் செல்வதற்குப் பொருள் வேண்டும். மேலும், சட்டம் மீறப்பட்டதா என்பதே நீதிமன்றத்தின் முதன்மையான வினா. கோவையைத் தொலைத்தல், பதிலளிக்காது காலங்கடத்தல், வேண்டியவரை முன்னே விடுதல் போன்றவை பல வேளைகளில் சட்டத்தின் எல்லைக்குள்ளேயே நிகழ்ந்துவிடுகின்றன. தேர்தல் வாயிலாக மாற்றம் காணலாம் எனின், எண்ணிக்கையில் சிறுபான்மையினராய் அமைந்தோருக்கு அவ்வழியும் எளிதன்று.

இவ்விடர்ப்பாட்டுக்கு ஒரு விடையாக அமைந்ததே 'ஒம்புட்ஸ்மன்' எனப்படும் குறைகேள் அதிகாரி பதவி. சுவீடனின் 1809ஆம் ஆண்டு அரசியலமைப்பு இதனைத் தோற்றுவித்தது. நிருவாகத்தினின்று நீங்கி, பாராளுமன்றத்தினால் தெரிவுசெய்யப்படும் ஒருவர் அதிகாரிகளின் செயல்களை ஆராய்வதே இதன் அடிப்படையாகும். பின்லாந்து 1919இலும், டென்மார்க் 1953இலும் தமது அரசியலமைப்புகளில் இதனை ஏற்றன. ஆங்கில மரபுவழி வந்த நாடுகளுள் நியூசிலாந்து 1962இல் வழிகாட்டிற்று. இவ்வளர்ச்சியிலே கருதத்தக்க உண்மை யாதெனில், உள்ளூராட்சி பெரும்பாலும் இறுதியிலேயே இம்முறைக்கு உட்பட்டது என்பதாகும். சுவீடனில் உள்ளூராட்சி அமைப்புகள் 1957இலும், நியூசிலாந்தில் 1975இலுமே இதன் வரம்புக்குள் வந்தன. மக்கள் தெரிவுசெய்த மன்றத்தை வெளியார் ஒருவர் விசாரிப்பது உள்ளூர்ச் சுயாட்சிக்கு இழுக்கு என்ற வாதமே இத்தயக்கத்துக்குத் துணைநின்றது.

பிரித்தானியாவும் இதற்கு விலக்கன்று. அங்கு 1967இல் பாராளுமன்ற ஆணையாளர் சட்டம் நிறைவேறியபோது மத்திய அரசின் திணைக்களங்களே அதற்குள் அடங்கின. மக்களுக்கு மிக அணித்தாயிருந்த உள்ளூராட்சி வெளியே விடப்பட்டது. அதனை உள்ளே கொணர்ந்த முதல் நிகழ்ச்சி இலண்டனில் நிகழவில்லை. வட அயர்லாந்திலே நிகழ்ந்தது.

வட அயர்லாந்தின் உள்ளூராட்சித் தேர்தல்களில் விகிதாசாரப் பிரதிநிதித்துவம் 1922இல் நீக்கப்பட்டது. வாக்குரிமை வீட்டோடு பிணைக்கப்பட்டிருந்தது. வீட்டின் உரிமையாளரோ குடியிருப்பாளரோ வாக்களிக்கலாம். அவ்வீட்டில் ஒண்டியிருப்போரும் வளர்ந்த பிள்ளைகளும் வாக்களிக்க இயலாது. வணிகக் கம்பனிகளுக்கோ தனி வாக்குகள் இருந்தன. இந்நிலையில் சபை ஒரு குடும்பத்துக்கு வீடு வழங்குவது வாக்கு வழங்குவதுமாயிற்று. கத்தோலிக்கர் பெரும்பான்மையாய் வாழ்ந்த டெரி நகரில் வட்டார எல்லைகள் வகுக்கப்பட்ட முறையினால் ஒன்றியவாதிகள் 12 ஆசனங்களையும், தேசியவாதிகள் 8 ஆசனங்களையும் பெற்றனர். எந்த வட்டாரத்தில் எவருக்கு வீடு என்ற வினா ஆட்சி எவருக்கு என்ற வினாவாகவே மாறியிருந்தது.

1968 ஜூனில் டங்கனன் கிராமியச் சபையின் ஆட்சிப் பரப்பிலுள்ள கலிடன் என்னும் சிற்றூரில் நிகழ்ந்தது இதனை நன்கு விளக்கும். அங்கு மணமாகாத 19 வயதுப் புரட்டஸ்தாந்து இளம்பெண் ஒருவருக்குச் சபை வீடு வழங்கிற்று. குழந்தைகளுடன் கத்தோலிக்கக் குடும்பங்கள் வீட்டுக்காகக் காத்திருந்த காலம் அது. பாராளுமன்ற உறுப்பினர் ஒஸ்ரின் கரி இதுபற்றி முதலில் சபையிடம் முறையிட்டார். பின்னர் ஸ்ரோமன்ட் பாராளுமன்றத்தில் பேசினார். பயன் விளையவில்லை. ஜூன் 20ஆம் நாள் அவரும் வேறு சிலரும் அவ்வீட்டினுள் புகுந்து அமர்ந்தனர். பொலிசார் அவர்களை வெளியேற்றினர். முறையீட்டின் வாயில்கள் யாவும் அடைபட்ட பின்னரே கதவு உடைக்கப்பட்டது என்பது ஈண்டு நினைவில் கொள்ளத்தக்கது. ஆகஸ்டில் கோலைலன்டிலிருந்து டங்கனனுக்குக் குடியுரிமை இயக்கத்தின் ஊர்வலம் சென்றது. ஒக்டோபர் 5ஆம் நாள் டெரியில் ஊர்வலத்தினர் பொலிசாரால் தாக்கப்பட்ட காட்சியைத் தொலைக்காட்சி வாயிலாக உலகம் கண்டது.

1968 நவம்பரில் பிரதமர் ரெரன்ஸ் ஓநீல் சீர்திருத்தங்களை அறிவித்தார். புள்ளி முறையில் வீடு வழங்குதலும், குறைகேள் அதிகாரி நியமனமும் அவற்றுள் அடங்கின. குழப்பங்களின் காரணங்களை ஆராய்ந்த கமரன் ஆணைக்குழு 1969 செப்டெம்பரில் தன் அறிக்கையை வெளியிட்டது. வீடு வழங்குவதில் நிலவிய அநீதியை மாத்திரமன்றி, முறைப்பாடுகளை விசாரிக்க வேண்டும் என்பதையே அரசு ஏற்காதிருந்தமையால் எழுந்த மனக்கசப்பையும் அது காரணங்களுள் ஒன்றாகக் காட்டிற்று. அநீதி ஒரு புண். அதனைக் கேளாமை இரண்டாவது புண்.

அவ்வாண்டே முறைப்பாட்டு ஆணையாளர் சட்டம் நிறைவேறிற்று. ஜோன் பென் முதல் ஆணையாளரானார். இச்சட்டத்தின் ஒழுங்குகள் கூர்ந்து நோக்கத்தக்கவை. பாதிக்கப்பட்டவர் எவரது பரிந்துரையுமின்றி நேரே முறையிடலாம். நிருவாகச் சீர்கேட்டினால் தமக்கு அநீதி விளைந்தது என்பதே அவர் காட்ட வேண்டியது. ஆணையாளர் குற்றஞ்சாட்டப்பட்ட சபைக்குப் பதிலளிக்க வாய்ப்பளிப்பார்; கோவைகளையும் சாட்சிகளையும் அழைப்பார்; விசாரணையைத் தனிமையில் நடத்துவார்; இயலுமாயின் இணக்கம் காண்பார். சீர்கேடு உறுதியாயின், பாதிக்கப்பட்டவர் அவ்வறிக்கையை ஆதாரமாகக் கொண்டு மாவட்ட நீதிமன்றில் நட்டஈடு கோரலாம். அறிக்கைக்குப் பின்னால் நீதிமன்றின் வலு நின்றமை இதன் தனிச்சிறப்பாகும்.

இங்கிலாந்து 1974ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டத்தின் வாயிலாகவே இம்முறையை ஏற்றது. அங்கும் விசாரணைமுறை ஏறத்தாழ இதுவே. எனினும் இரு குறைகள் இருந்தன. முறைப்பாடு பொதுவாகச் சபை உறுப்பினர் ஒருவர் வாயிலாகவே செல்ல வேண்டும் என்பது ஒன்று. எவருடைய சபைமீது குறை கூறப்படுகின்றதோ அவரே வாயில் காப்போனாயினார்! இத்தடை 1988இல் நீக்கப்பட்டது. அறிக்கையைச் சபை ஏற்காவிடின் அதனைக் கட்டாயப்படுத்த வழியின்மை மற்றொன்று. இரண்டாம் அறிக்கையும், 1989இன் பின் சபை தன் செலவிலேயே பத்திரிகையில் அறிவித்தல் வெளியிட வேண்டுமென்ற விதியும் இதற்கு மாற்றாயின. சட்டத்தின் வலுவுக்குப் பதிலாக நாணத்தின் வலுவே அங்கு நம்பப்பட்டது.

வட அயர்லாந்தில் விளைவு யாது? சமயப் பாகுபாடு என வந்த முறைப்பாடுகளுள் ஆணையாளர் உறுதிப்படுத்தியவை சிலவே. இதனைக் கொண்டு குறையே இருக்கவில்லை என வாதிடுவோர் உளர். அது பொருந்தாது. வீடற்றவருக்கு வாக்கில்லை என்பதும், வட்டார எல்லைகளும் நிருவாகத் தவறுகள் அல்ல, அவையே சட்டமாயிருந்தன. சட்டத்தில் உறையும் அநீதியைக் குறைகேள் அதிகாரி தொட இயலாது. ஆகவேதான் 1969இல் உள்ளூராட்சி வாக்குரிமை விரிவாக்கப்பட்டது. டெரி மாநகர சபைக்குப் பதிலாக ஆணைக்குழு அமைந்தது. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தினால் பொது வீடமைப்பு சபைகளிடமிருந்து எடுக்கப்பட்டுத் தனி நிறுவனமொன்றிடம் ஒப்படைக்கப்பட்டது. அதற்குள் வன்செயல் வேரூன்றிவிட்டது. மருந்து தவறானதன்று, காலம் தவறியது.

இலங்கையில் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 156ஆம் உறுப்புரை நிருவாகத்துக்கான பாராளுமன்ற ஆணையாளர் பதவிக்கு இடமளித்தது. உள்ளூராட்சி அதிகாரிகள் இழைக்கும் அநீதிகளும் அதன் வரம்பினுள் அடங்கின. ஆயின் 1981ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தின்படி குடிமகன் நேரே முறையிட இயலவில்லை. பாராளுமன்ற உறுப்பினரும் பொதுமனுக் குழுவும் இடையே நின்றனர். நேரே முறையிடும் உரிமை 1994ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தினாலேயே கிட்டிற்று. டெரியின் தெருக்களில் கற்கப்பட்ட பாடம் அதற்கு இருபத்தைந்து ஆண்டுகள் முன்னரே எழுத்தில் இருந்தது.

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இரண்டு. குறைகேள் முறையின் தரத்தை அறிய, பதவியின் பெயரை நோக்குதல் போதாது. கயிறு எவர் கைக்கு எட்டுகிறது என்பதையும், மணி ஒலித்தபின் எவர் எழ வேண்டிய கடப்பாடுடையவர் என்பதையும் நோக்குதல் வேண்டும். அடுத்து, முறைப்பாடு அரசுக்கு எதிரான செயலன்று. அரசின்மீது இன்னும் நம்பிக்கை உளது என்பதற்கான சான்று அது. முறையிடுவோர் முறையிடுவதை நிறுத்திய பின்னர் நிலவும் அமைதியைக் கண்டு ஆட்சியாளர் மகிழ்தற்கில்லை. கலிடன் சிற்றூரின் வீட்டுக் கதவு உணர்த்துவது அதுவேயாகும்.