ஒரே எட்டில் காடும் வீடும்

நடனத்தைப் படம்பிடிப்பது என்றால் மேடைக்கு முன்னால கமராவை நட்டுவிட்டு எடுப்பதுதான் என்று நாங்கள் நினைக்கிறோம். மாயா டெரன் 1945இலேயே இதை மாத்திக் காட்டினார். அவர் எடுத்த 'கமராவுக்கான நடன அமைப்பில் ஓர் ஆய்வு' சில நிமிடங்களே ஓடும் கறுப்பு வெள்ளைப் படம். சத்தமே இல்லை.

காட்டில் தூக்கிய கால் வீட்டு அறைக்குள் வந்து இறங்குகிறது. அடுத்தது அருங்காட்சியகம். கடைசிப் பாய்ச்சலோ பல துண்டுகளை ஒட்டிச் செய்தது. உடம்பு அந்தரத்திலேயே மிதக்கிறது. இதை எந்த மேடையிலும் ஆட ஏலாது. கமராவும் வெட்டி ஒட்டுதலும் சேர்ந்தால்தான் இந்த நடனமே இருக்கும்.

ஆடியவர் டாலி பீற்றி, கதரின் டன்ஹாமின் குழுவில் வளர்ந்த கறுப்பினக் கலைஞர். டெரனும் டன்ஹாமிடம் வேலை செய்தவர்தான். அமெரிக்காவின் பல மாநிலங்களில் கறுப்பர் எங்கே இருக்கலாம், எங்கே நுழையலாம் என்பதைச் சட்டமே பிரித்து வைத்திருந்த காலம் அது. படத்திலோ பீற்றி யாரையும் கேட்காமல் ஒரே எட்டில் இடம்விட்டு இடம் போகிறார்.

படத்தின் தொடக்கத்தில் ரெண்டு பேரின்ர பெயரும் இருக்கிறது. பிறகு எழுதப்பட்டவற்றிலோ அது பெரும்பாலும் 'டெரனின் படம்' மட்டும்தான். இப்ப நாங்களும் ஃபோனில் நடனம் எடுக்கிறோம். ஆடினவரின்ர பெயரை விடாமல் போடுவோம்.