நீரில் இறங்கும் நிறம்: கிம் கீவரின் அருவ ஒளிப்படங்கள்

1. ஆய்வுப் பொருள்

அமெரிக்கக் கலைஞர் கிம் கீவர், 200 கேலன், அதாவது ஏறத்தாழ 757 லிட்டர் கொள்ளும் கண்ணாடித் தொட்டியில் நீர் நிரப்பி, வண்ணச் சாயங்களை ஊற்றி, அவை கலங்கிப் போகுமுன் படமெடுப்பவர். பார்ப்போர் பலரும் தற்செயலின் அழகு என்று பாராட்டிவிட்டு நகர்கிறார்கள். பாராட்டு பாதிதான் சரி. நிறத்தின் போக்கை இயற்பியல் தீர்மானிக்கிறது; அந்தப் போக்கில் எந்தக் கணம் படமாகும் என்பதைக் கலைஞர் தீர்மானிக்கிறார். இதுவே இக்கட்டுரையின் கருதுகோள்.

2. நிலக்காட்சியிலிருந்து

கீவர் பொறியியல் படித்தவர். நாசாவில் சிறிது காலம் பணியாற்றிவிட்டுக் கலைக்கு வந்தவர். தொடக்கத்தில் அவர் எடுத்தவை அருவப் படங்கள் அல்ல. பிளாஸ்டரில் மலைகள் செய்து தொட்டிக்குள் வைத்து நீர் நிரப்பினார். ஊற்றிய சாயம் மேகமும் மூடுபனியும் ஆயிற்று. பாடகி ஜோன்னா நியூசமின் ‘டைவர்ஸ்’ (2015) இசைத்தொகுப்பின் அட்டையில் இருப்பது அத்தகைய காட்சிதான். பிறகு மலைகளை நீக்கிவிட்டார். சாயம் மட்டும் எஞ்சியது.

3. தொட்டிக்குள் நிகழ்வது

சாயம் நீரைவிட அடர்த்தி மிக்கது. கனமான திரவம் லேசான திரவத்தின் மேல் நிற்கும்போது இரண்டுக்கும் இடையிலான பரப்பு நிலைகொள்ளாது. சிறு நெளிவும் வளர்ந்து விரல்களாகக் கீழிறங்கும். இயற்பியலாளர்கள் ரேலி 1883-இலும் ஜி. ஐ. டெய்லர் 1950-இலும் ஆராய்ந்ததால் இதற்கு ரேலி–டெய்லர் நிலையின்மை என்று பெயர். இறங்கும் விரலின் ஓரத்தை நீர் இழுத்துப் பின்னுக்குச் சுருட்டுகிறது. நுனி காளான் குடையாகிறது. துளியாக விழுந்தால் சுழல் வளையம் பிறக்கும்; அது உடைந்து சிறு துளிகளாக, அவையும் வளையங்களாகக் கிளைக்கும். ஜே. ஜே. தாம்சனும் நியூவாலும் 1885-இலேயே இதை விரிவாக ஆராய்ந்தனர். நீரில் விழும் மைத்துளியின் வடிவத்தை ஜெல்லிமீனோடு ஒப்பிட்டவர் உயிரியலாளர் டார்சி தாம்சன் (1917). கீவரின் படங்களில் கடல் உயிர்களும் பூக்களும் தெரிவதாகப் பார்வையாளர் சொல்வது வெறும் கற்பனையல்ல என்பதற்கு இந்த ஒப்பீடே சான்று.

அருவ ஓவியம் பலவற்றைத் தலைகீழாக மாட்டினாலும் எளிதில் தெரியாது. இங்கோ புவியீர்ப்பின் திசை படத்திலேயே பதிந்துவிடுகிறது. மலைகள் போன பின்னும் நிலக்காட்சியின் மேலும் கீழும் இவற்றில் தங்கியிருப்பது அதனால்தான்.

4. கலைஞரின் பங்கு

அதிவேக ஒளிப்படங்களுக்குப் பெயர்பெற்ற ஹரால்டு எட்கர்டன் 1957-இல் எடுத்த, விழும் பால்துளி மகுடமாகத் தெறிக்கும் படம் முற்றிலும் வேறு வகை. ஒரே நிகழ்வைத் திரும்பத் திரும்ப நிகழ்த்தி, மகுடம் முழுமையாக அமையும் கணத்தைப் பிடிப்பது அவர் முறை. கீவரால் எதையும் திரும்ப நிகழ்த்த முடியாது. சில நிமிடங்களில் நீர் கலங்கிவிடும். தொட்டியைக் காலிசெய்து புதிதாக நிரப்ப வேண்டும். எந்தச் சாயம், எவ்வளவு, எந்த வரிசையில், ஒளி எங்கிருந்து என்பவை முன்கூட்டி அவர் கையில் உள்ளவை. அதன்பின் எஞ்சுவது தொடர்ந்து எடுப்பதும் பெரும்பாலானவற்றை ஒதுக்குவதும்தான். ஒதுக்குவதை நான் குறைத்து மதிப்பிடவில்லை; படைப்பின் கனமான பகுதி அதுவே.

ஆனால் ஒரு குறையைச் சொல்லாமல் இருக்க முடியாது. ‘அப்ஸ்ட்ராக்ட்’ என்ற சொல்லும் ஓர் எண்ணும் மட்டுமே தலைப்பாகக் கொண்ட இப்படங்களை வரிசையாகப் பார்க்கும்போது காளான் குடைகள் சலிப்பூட்டுகின்றன. ஒரே விதி ஒரே வடிவத்தைத்தான் மீண்டும் தரும். குடைகள் சிதைந்து, ஒரு நிறம் இன்னொன்றை ஊடுருவத் தொடங்கிய பின் எடுத்த படங்களே அவருடைய சிறந்த படைப்புகள்.